பாக்தாத்தில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கரின் 'தெர்மல் கம்ஃபர்ட்' (1970) நூலை மறுபடி புரட்டினேன். ஒரு அறை அதில் இருப்பவருக்குச் சௌகரியமா என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்பது அதன் வாதம். காற்றின் வெப்பம், சுவர்களின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடுப்பு, உடலுழைப்பு ஆகிய ஆறையும் கொடுத்தா, −3 (கடுங்குளிர்) முதல் +3 (கடும் வெக்கை) வரை ஒரு எண் வரும். பூஜ்ஜியம் வந்தால் சௌகரியம். 1984-ல் இதுவே ஐ.எஸ்.ஓ. 7730 தரநிலையானது.

சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்கள். பாலைவனத்துக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்னு கேட்பது வழக்கம். எனக்கு அந்த விமர்சனம் போதவில்லை. வியர்வை ஆவியாகிற இயற்பியல் ஊருக்கு ஊர் மாறாது. சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஃபாங்கர் அளந்தது ஒரு அறையை. பாலைவன மனிதர்கள் வெயிலைச் சமாளிப்பது ஒரு முழு நாளை வைத்து.

பாக்தாத்தின் பழைய முற்றத்து வீடுகளைப் பாருங்கள். ஜூலையில் பகல் 44 டிகிரி வரை போகும். இரவில் 26-க்கு இறங்கும். மதியம் 'சர்தாப்' எனும் நிலவறையில் உறக்கம், மாலையில் தண்ணீர் தெளித்த முற்றம், இரவு மொட்டைமாடி. வீட்டுக்குள்ளேயே ஒரு தினசரி இடப்பெயர்வு. இதில் எந்த அறைக்கு எண் போடுவது? மாடிக்குப் பகலில் போட்டா +3-ஐயும் தாண்டும். ஆனால் பகலில் அங்கே யாரும் இருப்பதில்லையே!

அங்கே எடுத்த கள அளவீடுகளை 1974-ல் ஃபெர்கஸ் நிக்கல் அலசினார். காற்றோட்டம் இருந்தால் 30 டிகிரிக்கு மேலும் மக்கள் சௌகரியமாகவே இருந்தார்கள். இந்த வகை ஆய்வுகளின் விளைவாக, ஜன்னல் திறக்கக்கூடிய கட்டடங்களுக்கு ஆஷ்ரே 55 தரநிலை 2004-ல் தனி வரைபடம் தந்தது. நல்ல திருத்தம்தான். ஆனா அந்தக் கோடு வெளிச்சராசரி 33.5 டிகிரியில் நின்றுவிடுகிறது. பாக்தாத்தின் ஜூலைச் சராசரியோ 35-ஐ ஒட்டி. திருத்தம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கு முன்னாலேயே அது தீர்ந்துபோகிறது.

இது வெறும் வரைபடச் சண்டை இல்லை. கோடு முடிந்த இடத்தில் கட்டட வடிவமைப்பாளர் கையில் மிஞ்சுவது ஃபாங்கரின் சூத்திரம். அந்தப் பூஜ்ஜியத்தைப் பிடிக்க ஜன்னலை மூடி ஏசி போடணும். கோடை மின்வெட்டுக்குப் பழகிப்போன இராக்கில் கரண்ட் போனா அந்தப் பெட்டிக்குள் ஒதுங்க இன்னொரு மூலை கிடையாது.

எல்லாரும் நிலவறை தோண்டுங்கன்னு சொல்லல. ஒரு வீட்டை மதிப்பிடும்போது 'இந்த அறை எத்தனை டிகிரி?' என்பதோடு 'இந்த நேரத்தில் போய் உட்கார இங்கே வேறு இடம் இருக்கா?' என்றும் கேட்கிற தரநிலை வேண்டும். ஃபாங்கரின் ஆறு மாறிகளில் அந்த ஏழாவது இல்லை.