ஜி மைனரில் நடந்த பூனை

ஓசூர்க்காரர்களுக்கு டைட்டன் விளம்பர இசையைப் பாடிக்காட்ட வேண்டியதில்லை. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கடிகார ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. கடிகாரத்தோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த அந்த மெட்டு, மொட்சார்ட் 1773இல் தம் 17ஆவது வயதில் எழுதிய 25ஆவது சிம்பொனியில் வருவது. அது ஜி மைனர். அதே ஜி மைனரில் இன்னொரு புகழ்பெற்ற உருப்படி இருக்கிறது. அதைப் பாதி மனிதரும் பாதி பூனையும் இயற்றியதாக ஐரோப்பாவில் 200 ஆண்டுகளாகப் பேச்சு.

இத்தாலியரான டொமினிகோ ஸ்கார்லாட்டி 1738 வாக்கில் லண்டனில் அச்சிட்ட தொகுப்பில் 30 உருப்படிகள். கடைசியாக நிற்பது ஒரு ஃபியூக், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வகை. அவருடைய பூனை புல்சினெல்லா ஹார்ப்சிகார்டின் மேல் ஏறி நடந்ததாம், காலில் பட்ட கட்டைகளையே பல்லவியாக வைத்து அவர் எழுதினாராம். ‘பூனை ஃபியூக்’ என்ற பெயர் அவர் வைத்ததல்ல. அவர் 1757இல் இறந்தார். பெயர் பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

பூனை நடந்ததோ இல்லையோ, சுரங்களை நம் வழியில் வைத்துப் பார்க்கலாம். ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் முதல் ஆறு சுரங்கள் இப்படி ஏறுகின்றன: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம், மறுபடி மேல் ஸ்தாயிக் காந்தாரம், அதற்கும் மேலே பிரதி மத்திமம். ரிஷபமும் பஞ்சமமும் இல்லை. 72 மேளகர்த்தாக்களில் இந்தச் சுரங்களுக்கு இடம் தருபவை இரண்டுதான்: 45ஆவதான சுபபந்துவராளி, 57ஆவதான சிம்மேந்திரமத்திமம். சிங்கத்தின் பெயர் தாங்கிய ராகத்துக்குள் அதன் சின்னப் பங்காளி நுழைந்ததில் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் கதையை நம்புவது கடினம். பூனை கட்டைகளின் மேல் நடந்தால் தாவித் தாவி ஒவ்வொரு சுரமாக எடுக்காது. அதன் பாதம் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டைச் சேர்த்தே அழுத்தும். முன்காலும் பின்காலும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் இருக்கும். கிடைப்பது ஆரோகணம் அல்ல, கொத்துக் கொத்தான ஒலி. அமெரிக்கரான ஹென்றி கோவெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஷ்டியாலும் முழங்கையாலும் பியானோவை அழுத்தி இதே கொத்துகளை மேடையேற்றினார். உண்மையான பூனை இசை கோவெல் பக்கம்தான் சாயும். ஸ்கார்லாட்டியின் ஃபியூக்கில் கேட்பது ஒரு மேதையின் குறும்பு.

ஆதாரத்தோடு கிடைக்கும் பூனை இசையமைப்பாளர் கெட்செல். மோரிஸ் மோஷே கோட்டல் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1996இல் தம் வீட்டில் பாக்கின் இசையை வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குட்டி பியானோவில் குதித்து உச்சத்திலிருந்து மந்தரம் வரை நடந்து இறங்கியது. அவர் கையில் பென்சிலை எடுத்துக் கேட்டதைக் கேட்டபடி குறித்துக்கொண்டார். ‘பியானோவுக்கு நான்கு பாதங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்து, ஒரு நிமிடத்துக்கு மிகாத படைப்புகளுக்கான பாரிஸ் போட்டிக்கு அனுப்பினார். 1997இல் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. பின்னர் மேடையில் வாசிக்கப்பட்டு, 19.72 டாலர் உரிமைத் தொகையும் வந்தது. கெட்செல் 2015இல் இறந்தபோது அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இரங்கல் குறிப்பு எழுதியது.

இளையராஜா 1985இல் ‘சிந்து பைரவி’யில் ஆரோகணம் மட்டுமே வரும்படி ‘கலைவாணியே’வை அமைத்தார். கெட்செல்லுக்கு அவரோகணம் மட்டும் போதுமாக இருந்தது. வேறுபாடு, இளையராஜா வேண்டுமென்றே கட்டுப்பாட்டை ஏற்றார். கெட்செல்லுக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பரிசோதனை இசையின் பெரிய வழக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இசைக்கு எண்ணம் தேவையா? அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் போய் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தார். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் வேலை என்று அவர் வழியாகக் கேட்டதைக் கேஜ் பிடித்துக்கொண்டார். 1951இல் குறி பார்க்கும் சீன நூல் ஐ சிங் கொண்டு, தற்செயலுக்கு விட்டுச் சுரங்களைத் தேர்ந்தார். 1952இல் கேஜின் உருப்படி ஒன்றுக்காகப் பியானோக் கலைஞர் டேவிட் டியூடர் மேடையேறி 4 நிமிடம் 33 விநாடி ஒன்றும் வாசிக்காமல் இறங்கினார். அதே டியூடர் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மூக் சிந்தசைசரை நிறுவினார். அங்கே பதிவான நாடாக்கள் 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

லா மான்ட்டே யங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1960இல் டியூடருக்காக எழுதிய ஒரு ‘உருப்படி’யின் செய்முறை: பியானோ தின்ன ஒரு கட்டு வைக்கோலும் குடிக்க ஒரு வாளித் தண்ணீரும் மேடைக்குக் கொண்டுவர வேண்டும். அதே ஆண்டு இன்னொன்றில் அரங்கத்தில் பட்டாம்பூச்சியைப் பறக்கவிடச் சொன்னார். முதலாவது பூனைக்குப் புரியாது. இரண்டாவதைத் தன் வழியில் நிகழ்த்திக் காட்டும்.

எண்ணத்தைத் துறக்க கேஜ் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார். பூனை அந்தச் சிரமத்தைப் படவில்லை என்று சொல்லத் தோன்றும், அது தவறு. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நோரா என்ற பூனை பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களாலும் கட்டையைத் தட்டியது, தலையால் முட்டியது, நிறுத்திச் சுற்றிப் பார்த்தது. அது வளர்ந்தது பியானோ ஆசிரியை வீட்டில். கட்டையைத் தொட்டால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. 2007இல் காணொளியாகப் பரவிய இந்த வாசிப்பைச் சுற்றி லிதுவேனியரான மிண்டவ்காஸ் பியெச்சைடிஸ் ஒரு கான்சர்ட்டோ எழுதினார். 2009இல் கிளைப்பேடா நகரின் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, திரையில் நோராவைப் பார்த்தபடி வாசித்தது. பாடகர் போன போக்கில் பக்கவாத்தியம் போவது நம் கச்சேரிக்குப் பழக்கம்தான். இங்கே பாடகர் திரையில் இருந்தார், நாலு காலோடு.

அதே ஆண்டு கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சல், பியானோவில் பூனைகள் நடக்கும் காணொளிகளை வெட்டி ஒட்டி, ஷோன்பெர்க் 1909இல் எழுதிய ‘மூன்று பியானோ உருப்படிகள்’ முழுவதையும் உருவாக்கினார். ‘பூனை நடந்த மாதிரி இருக்கிறது’ என்று ஷோன்பெர்க்கைக் கேலி செய்தவர்களுக்கு இதைவிடக் கச்சிதமான பதில் கிடைக்காது. ஒரு சுரம்கூடப் பூனையின் விருப்பப்படி அமையவில்லை. எடுத்து வைத்தது மனிதக் கை.

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, இரைச்சலையே இசையாக்கும் முயற்சியும் அவ்வளவு அந்நியமல்ல. லூயிஜி ருஸ்ஸோலோ 1913இல் ‘இரைச்சலின் கலை’ என்று அறிக்கை எழுதி, உறுமவும் ஊளையிடவும் பெட்டிகள் செய்தார். ஷிப்டு சங்கும் ஸ்டாம்பிங் மெஷினும் ஜூஜூவாடி செக்போஸ்ட் லாரி ஹார்னும் கேட்டுத் தூங்கியவர் அதற்கு டிக்கெட் எடுக்க மாட்டார்.

நம் மரபு பூனைக்கு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. ஸட்ஜம் மயிலுக்கு, ரிஷபம் எருதுக்கு, காந்தாரம் ஆட்டுக்கு, பஞ்சமம் குயிலுக்கு, தைவதம் குதிரைக்கு, நிஷாதம் யானைக்கு, மத்திமம் கிரௌஞ்சப் பறவைக்கு. அடுப்படியிலேயே கிடந்த பிராணிக்கு ஏழில் ஒன்றுகூட இல்லை. மேற்கில் ஸ்ட்ராவின்ஸ்கியும் புரோகோஃபியெவும் பூனைக்கு கிளாரினெட்டைக் கொடுத்தார்கள், ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டவர்கள் அந்தத் தேர்வை ஏற்பார்கள்.

கடைசியில் பூனைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர்களும் உண்டு. செல்லோக் கலைஞர் டேவிட் டீ பூனையின் ‘குர்ர்’ ஒலிக்கும் பால் குடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப இசை அமைத்தார். உளவியலாளர் சார்லஸ் ஸ்னோடனுடன் சேர்ந்து 47 வீட்டுப் பூனைகளுக்குப் போட்டுக்காட்டியபோது, மனிதருக்கான இசையைவிட இதற்கே அவை ஸ்பீக்கரைத் தேடி வந்து உரசின. முடிவு 2015இல் வெளியானது. வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், பூனைக்கு அது சுமார் 85,000. டிவியையும் ஹோம் தியேட்டரையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.