பாயிரமும் வினைமுற்றும்: இணையத் தமிழ் மருத்துவச் செய்திகளின் நம்பகத்தன்மை

நூலுக்குள் புகுமுன் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழ் நூல்மரபு. யாத்தவர் யார், எதன் வழி வந்தது, எவர் கேட்டற்குரியது என்னும் வினாக்களுக்கு விடை தாராத நூலை அம்மரபு மதித்ததில்லை. இன்றோ பாயிரம் அற்ற எழுத்து நாள்தோறும் பல்லாயிரவரால் படிக்கப்படுகிறது. படித்தவர் அதன்படி அரைக்கின்றனர், காய்ச்சுகின்றனர், பருகுகின்றனர். மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப் போடுகின்றனர். இணையத்தில் தமிழில் வழங்கும் மருத்துவச் செய்திகளே அவ்வெழுத்து. இவற்றின் தரத்தை அளத்தல் மருத்துவர் கடன் என்று தமிழ்த்துறைகள் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கின்றன. இச்செய்திகளின் பிழை மருந்தில் மட்டுமன்றித் தொடரமைப்பிலும் உள்ளது. ஆதலின் அவ்வொதுக்கம் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவுதற்குக் கீழாநெல்லி பற்றிய செய்தி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அளவுகோல்கள்

இணையத்தில் காணும் மருத்துவச் செய்தியை மதிப்பிடும் முயற்சி 1990களின் இடைப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. ஜெனீவாவில் 1995இல் தோன்றிய ‘ஹெல்த் ஆன் தி நெட்’ என்னும் அமைப்பு அடுத்த ஆண்டு எட்டு நெறிகளை வகுத்து, அவற்றைப் பின்பற்றும் தளங்களுக்கு முத்திரை வழங்கியது. அம்முத்திரைப் பணி 2022இல் நின்றுபோயிற்று. அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1997இல் நான்கே அளவைகளை முன்வைத்தது: எழுதியவர் பெயரும் தகுதியும், செய்தியின் மூலம், தளத்தை நடத்துவோரின் பொருள் தொடர்பு, எழுதப்பட்ட நாளும் திருத்தப்பட்ட நாளும். பிரிட்டனில் 1999இல் வெளிவந்த ‘டிசர்ன்’ என்னும் கருவி பதினாறு வினாக்களைக் கொண்டது. ஏனையவற்றினும் அது ஒருபடி உள்ளே செல்கிறது. ஐயத்துக்குரிய பகுதிகளைச் செய்தி ஒப்புக்கொள்கிறதா, மருத்துவமே செய்யாமல் விட்டால் என்ன நிகழும் என்று கூறுகிறதா என்றும் அது வினவுகிறது. இவ்விறுதி வினா பின்னர் நமக்குப் பயன்படும்.

இவ்வளவைகளின் நடைமுறைப் பயன் ஐயத்துக்குரியது. ஐசன்பாக், கோலர் ஆகிய இருவரும் ஜெர்மனியில் நிகழ்த்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் மருத்துவச் செய்தி தேடியோருள் ஒருவர்கூடத் தளத்தை நடத்துவோர் யார் என்னும் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. எந்தத் தளத்தில் படித்தோம் என்பதைப் பின்னர் நினைவில் வைத்திருந்தோரும் மிகச் சிலரே. பாயிரம் எழுதப்பட்டிருந்தாலும் படிக்கப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

சிறப்புப்பாயிரத்தின் வினாக்கள்

நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாகக் கூறும் எட்டும், அவற்றொடு கூட்டியுரைக்கப்படும் காலம், களம், காரணம் ஆகிய மூன்றும் மேற்கண்ட அளவைகளை நினைவூட்டுவன. ஆக்கியோன் பெயர், வழி, காலம் ஆகியவை அமெரிக்க இதழின் அளவைகளுடன் நேராகவே பொருந்துகின்றன. காரணம் என்பதை விரித்தால் பொருள் தொடர்பு அதனுள் அடங்கும். தைலம் விற்பவர் தைலத்தின் சிறப்பை எழுதுவதற்குரிய காரணம் தைலமே. இவ்வொப்புமையைக் கண்டு, இணைய யுகத்தைப் பவணந்தியார் முன்னுணர்ந்தார் என்று மகிழ்வது ஆய்வாகாது. நூலை ஐயுறுவோர் எக்காலத்தும் கேட்கும் வினாக்கள் சிலவே. அவை 13ஆம் நூற்றாண்டிலும் எழுந்தன, 1997இலும் எழுந்தன என்று கொள்வதே தகும்.

நோக்கத்தக்கன ஒவ்வாத இடங்களே. பாயிரம் கேட்போரையும் களத்தையும் வினவுகிறது. அமெரிக்க இதழின் நான்கு அளவைகளுள் இவை இல்லை. களமாவது நூல் அரங்கேறிய அவை. இறையனார் அகப்பொருள் உரை தன் நூலுக்கு இவற்றையெல்லாம் விரித்துரைப்பதை அறிஞர் அறிவர். இன்றைய ஆய்விதழ்களில் துறையறிஞர் மதிப்பீடு என்னும் நடைமுறை அவையின் இடத்தை ஏற்றுள்ளது. இணையச் செய்திக்கோ அவையும் இல்லை, மறுத்துரைப்பாரும் இல்லை. கேட்போர் என்னும் உறுப்பு இன்றியமையாதது. அதன் இன்மை உயிர்க்கேடாக முடிதல் கீழே காட்டப்படும்.

ஆக்கியோன் பெயர் என்னும் முதல் உறுப்பும் தமிழ்ச் சூழலில் வழுக்குகிறது. அகத்தியர், போகர், தேரையர் என்னும் பெயர்களுள் ஒன்றைத் தலையில் சூடிய பக்கம் ‘எழுதியவர் பெயர் உண்டா’ என்னும் அளவையில் எளிதில் தேறிவிடும். அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களின் மொழிநடை பிற்காலத்தது என்பதும், ஒரே பெயரில் பலர் பாடியிருத்தல் கூடும் என்பதும் தமிழாய்வில் பழைய செய்திகள். ஆயின் அவை தமிழ்த்துறையின் வாயிலைக் கடந்து சென்றனவாகத் தெரியவில்லை. நூலின் பெயர், பாடலெண், பதிப்பு ஆகியவற்றுள் ஒன்றும் இன்றிச் ‘சித்தர்கள் கூறியுள்ளனர்’ என்று மட்டும் எழுதுதல் மேற்கோள் ஆகாது.

கீழாநெல்லி: ஒரு தொடரின் வரலாறு

‘கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தால் மஞ்சள் காமாலை தீரும்’ என்னும் கருத்தமைந்த தொடர் தமிழ்நாட்டார் பலரும் கேட்டறிந்தது. இணையத்தில் இது, அறிவியல் ஆய்வும் இதனை மெய்ப்பித்துள்ளது என்னும் ஒட்டுடன் வழங்குகிறது. ஒட்டுக்கு அடிப்படையான ஆய்வு உண்மையில் நிகழ்ந்தது என்பதே இவ்வெடுத்துக்காட்டின் சிறப்பு.

எஸ். பி. தியாகராஜன் முதலிய சென்னை ஆய்வாளர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் இதழில் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அவ்வைரஸைத் தாங்கியோருள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள் அளிக்கப்பட்டது; பின்னர் ஆய்ந்தபோது 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை. மருந்துப்போலி பெற்ற 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. பெருமைக்குரிய முயற்சி, ஐயமில்லை. ஆயின் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் இம்முடிவு கிட்டவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை, மருந்துப்போலியைவிடக் கீழாநெல்லி இனங்கள் பயன் தருகின்றன என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று 2011இல் கூறியது.

இனி இவ்வாய்வு இணையத் தொடராக மாறிய வழியைக் காணலாம். முதலாவது, பெயர் மாற்றம். ஆய்வுக்கு உட்பட்டோர் வைரஸைத் தாங்கியோர். அத்தகையோர் பெரும்பாலும் கண் மஞ்சளாகாமலே நடமாடுவர். மஞ்சள் காமாலையோ ஒரு நோயன்று. ஹெபடைடிஸ் ஏ, பி, இ ஆகிய வைரஸ்களாலும், பித்தநாளக் கல்லாலும், கட்டியாலும், இரத்தச் சிவப்பணுக்கள் மிகுதியாக அழிவதாலும், மதுவாலும், சில மருந்துகளாலும் தோன்றும் அறிகுறி அது. காமாலையைப் பல வகையாகப் பகுத்துரைக்கும் வழக்கம் சித்த மருத்துவ நூல்களிலும் உண்டு. அப்பகுப்பையும் விட்டு ஒரே சொல்லாக்கியது இணையமே. செடியின் பெயரிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. கீழாநெல்லி, மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்பன வேறு வேறு இனங்கள். இந்தியக் கீழாநெல்லிக்கு முன்னர் வழங்கிய ‘நிரூரி’ என்னும் தாவரவியற் பெயர் அமெரிக்காவைச் சார்ந்த மற்றோர் இனத்துக்குரியது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்து மாறினால் பாடம் குறிக்கும் பதிப்பாசிரியர், மூலிகைப் பெயர் மாறினால் வாளாவிருத்தல் முறையன்று.

இரண்டாவது, வினைமுற்றின் மாற்றம். இதுவே முதன்மையானது. ஆய்வுக்கட்டுரை இறந்த காலத்தில் பேசுகிறது: இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேரிடம் இவ்வாறு கண்டோம். இணையத் தொடர் ‘தீரும்’ என்று முடிகிறது. இக்காலத் தமிழில் இம்முற்று எதிர்காலத்தையும், வழக்கமாக நிகழ்வதையும், என்றும் மாறா இயல்பையும் ஒருங்கே உணர்த்தும். ‘கதிரவன் கிழக்கே உதிக்கும்’ என்பதும் ‘குடித்தால் தீரும்’ என்பதும் ஒரே வடிவின. 37 பேருள் எஞ்சிய 15 பேர் இவ்வினைமுற்றுக்குள் நுழைய இடமில்லை. தமிழில் ஐயத்தைச் சொல்ல வழியில்லை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. தீரலாம், தீரக்கூடும், சிலருக்குத் தீர்ந்தது, தீர்ந்ததாகத் தெரியவில்லை எனப் பல வாய்பாடுகள் அன்றாட வழக்கிலேயே உள்ளன. இருந்தும் எழுதுவோர் அவற்றைத் தேர்வதில்லை.

மூன்றாவது, ‘குடித்தால்’ என்னும் எச்சம். ‘குடித்தபின் தீர்ந்தது’ என்பது காலமுறையைக் கூறும். ‘குடித்ததால் தீர்ந்தது’ என்பது ஏதுவைக் கூறும். ‘குடித்தால் தீரும்’ என்பதில் இவ்விரண்டும் வேறுபாடு இன்றிக் கலந்துவிடுகின்றன. ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில், சிலர்க்குச் சில மாதங்களில், தானே தணியும். அவ்வாறு தணிந்தவர் கீழாநெல்லி குடித்திருந்தால் ‘குடித்தேன், தீர்ந்தது’ என்பார். அக்கூற்றில் பொய் இல்லை. அது மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது என்பதை உணர்த்துவதற்கே ‘மருத்துவம் செய்யாமல் விட்டால் என்ன நிகழும்’ என்னும் டிசர்ன் வினா அமைந்துள்ளது.

நான்காவது, கேட்போர் இன்மை. ‘குடித்தால்’ என்னும் வினைக்கு எழுவாய் இல்லை. யார் குடித்தால் என்பது எஞ்சி நிற்கிறது. செய்யுளில் எழுவாய் எஞ்சினால் உரையாசிரியர் வருவித்து உரைப்பர். இணையச் செய்தியிலோ படிப்பவர் தம்மையே எழுவாயாக வருவித்துக் கொள்கிறார். அவர் கருவுற்ற பெண்ணாக இருத்தலும் கூடும். ஹெபடைடிஸ் இ பிறர்க்குப் பெரும்பாலும் தானே தணியும் நோய். கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் அதற்கு ஆளாகும் பெண்களுள் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் குறிக்கிறது. அவர்க்கு ஒரு வாரக் காத்திருப்பும் நீண்டது. பித்தநாளம் அடைபட்டவர்க்கும் மோரும் மூலிகையும் காலத்தைக் கடத்துவனவே. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாகக் கூறி முடிகிறது. இணையத் தொடரில் அந்நான்கனுள் மருந்து ஒன்றே எஞ்சியுள்ளது. அவ்வதிகாரத்திலிருந்தே குறள் ஒன்றை முகப்பில் பொறித்துக்கொள்ளும் தளங்கள் இதனைக் கருதுவதில்லை.

நல்ல தமிழும் மெய்யான செய்தியும்

மேலே கூறியவற்றால் நாட்டுமருந்துச் செய்திகள் மட்டுமே குறையுடையன என்று கொள்ளலாகாது. மருத்துவ அறிவியலின் வழி நின்று எழுதப்படும் தமிழ்ப் பக்கங்களின் குறை வேறு வகையானது. அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள்; சில எந்திர மொழிபெயர்ப்புகள். ‘பரிந்துரைக்கப்படுகிறது’, ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்று செய்பவர் தோன்றாத செயப்பாட்டு வினைகளால் நிறைந்தவை. ‘கல்லீரல் அழற்சி’ என்று தலைப்பிட்டிருப்பதால், ‘மஞ்சள் காமாலை’ என்று தேடுவோர் அவற்றை எட்டுவது அரிது. எட்டினாலும் இரண்டாம் பத்தியைத் தாண்டுவதில்லை. நாட்டுமருந்துப் பக்கமோ பேச்சுக்கு அணுக்கமான, தெளிந்த, சிறு தொடர்களால் அமைந்தது. பாட்டி சொல்வது போன்ற நடை அதற்கு வாய்த்திருக்கிறது. பிழையான செய்தி நல்ல தமிழிலும், மெய்யான செய்தி படிக்கவொண்ணாத் தமிழிலும் கிடைக்கும் நிலை இது. இதற்கு மருத்துவரை மட்டும் குறைகூற இயலாது. அறிவியல் தமிழ் என்றால் கலைச்சொல் பட்டியல் என்று பல்லாண்டுகளாகத் தமிழ்த்துறைகள் எண்ணியதற்கும் இதில் பங்குண்டு. சொல் ஆக்கப்பட்டது, தொடர் கவனிக்கப்படவில்லை.

தொடரைக் கவனித்து எழுதினால் செய்தி எவ்வாறு அமையும் என்பதற்கு மாதிரி ஒன்றைத் தரலாம். ‘மஞ்சள் காமாலை ஒரு நோயன்று, பல நோய்களின் அடையாளம். கண் மஞ்சளானால் இரத்தத்தைச் சோதித்துக் காரணத்தை அறிய வேண்டும். சிலருக்கு அது தானே தணியும். சிலருக்கு உயிரைப் பறிக்கும். எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவுற்ற பெண்ணாக இருந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தாலும், மலம் வெளுத்திருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழாநெல்லியால் ஒருவகை வைரஸ் நீங்கியதாக 1988இல் சென்னையில் நடந்த ஆய்வு கூறியது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்படி நீங்கவில்லை. அதைக் குடிப்பவர் மருத்துவரிடம் அதனைச் சொல்லிவிட வேண்டும்.’ இப்பத்தியில் அகராதியை நாடச் செய்யும் சொல் இல்லை. இதன் மருத்துவப் பகுதியை மருத்துவர் ஒருவரும், வினைமுற்றுகளைத் தமிழாசிரியர் ஒருவரும் சரிபார்த்தல் வேண்டும். அதற்கு அவ்விருவரும் ஒரு மேசையில் அமர வேண்டும். இந்நாட்டில் மருத்துவக் கல்லூரியும் தமிழ்த்துறையும் பெரும்பாலும் வேறு வேறு வளாகங்களில் இயங்குகின்றன.