வாசலோடு திரும்பிய நாய் எந்தக் கணக்கில்?

நேதன் வினோகிராடின் 'ரிடெம்ப்ஷன்' (2007) நூலை இரண்டாம் முறை வாசித்தேன். அமெரிக்காவில் 'கொல்லாத காப்பகம்' என்ற எண்ணம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள இன்றும் நல்ல தொடக்கம்தான்.

அவர் சொல்லும் வரலாறு உறுத்தக்கூடியது. 1866-ல் ஏ.எஸ்.பி.சி.ஏ.வைத் தொடங்கிய ஹென்றி பெர்க், நியூயார்க் நகர நாய்ப்பட்டியை நடத்த மறுத்தார். அவர் இறந்தபின், 1894-ல், அதே அமைப்பு அந்தப் பொறுப்பை ஏற்றது. காப்பாற்ற வந்தவர்களே கொல்லவும் தொடங்கினார்கள். மறுபக்கம், 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் அவன்சினோ, ஆரோக்கியமான எந்த நாயும் பூனையும் கொல்லப்படாது என்று ஒப்பந்தம் கொண்டுவந்தார்.

இதிலிருந்து வினோகிராட் எடுக்கும் முடிவு: பிரச்சினை இடமோ எண்ணிக்கையோ இல்லை, நிர்வாகிக்கு மனசு இல்லாததுதான். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இரண்டு வருஷம் சனிக்கிழமைகளில் ஒரு கொல்லாத காப்பகத்தில் தன்னார்வலராக இருந்தேன். கூண்டு கழுவுவேன், மதியம் போன் எடுப்பேன். ஒருநாள் ஒரு பெரியவர் தன் கிழட்டு நாயோடு நேரிலேயே வந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம், அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. "இடமில்லை" என்று சொன்னது நான்தான். அவர் தலைக்கு மேலே சுவரில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம் என்ற அறிவிப்பு. உள்ளே வந்தவற்றில் உயிரோடு போனவை எத்தனை என்பதே அந்த எண். அந்த நாய் உள்ளேயே வரவில்லையே! தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை.

மனசுக்குக் குறைச்சல் இல்லாத இடம் அது. குறைந்தது கூண்டுநாள். 40 கூண்டு, ஒரு நாய் சராசரியாக 20 நாள் தங்கினால், தினம் 2 நாயைச் சேர்க்கலாம். 40 நாள் தங்கினால் 1 தான். சர்வர் வரிசைக்கு நாங்கள் போடும் அதே கணக்கு.

நியாயமாகச் சொன்னால், வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டும் கொல்லாமல் இருக்கலாம் என்பதற்குத் தான் நடத்திய டாம்ப்கின்ஸ் கவுண்டி காப்பகத்தையே வினோகிராட் சான்று காட்டுகிறார். அவர் பட்டியலிடும் வளர்ப்பு வீடுகள், தத்தெடுப்பு முகாம்கள் எல்லாமே தங்கும் நாளைக் குறைப்பவை. அதாவது அவர் வெற்றி பெற்றதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. புத்தகமோ பாராட்டு முழுவதையும் மனசுக்கே கொடுத்துவிடுகிறது.

இனி யாராவது 90 சதவீதம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது? எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்? இரண்டாவதை எங்கள் காப்பகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான்.