கண்ணால் அளந்த வறுமை

சிங்கப்பூரின் அரசு வாடகை வீடுகளுக்குள் முதன்முறையாகப் போய் வருகிறவர்கள் பலரும் திரும்பியதும் பேசுவது தொலைக்காட்சியைப் பற்றித்தான். இருப்பது ஓரறை வீடு, பிழைப்பது உதவித்தொகையில், ஆனால் சுவரை அடைத்துக்கொண்டு டிவி. பிள்ளையின் காலணி, தாயின் கைப்பேசி என்று குற்றப்பட்டியல் நீளும். ஏழை ஏழையாகத் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் தியோ யூ யென் 2018இல் வெளியிட்ட ‘திஸ் இஸ் வாட் இனிக்வாலிட்டி லுக்ஸ் லைக்’ என்ற ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு இந்த எதிர்பார்ப்பை எதிர்கொள்கிறது. ஏற்றத்தாழ்வின் தோற்றத்தைக் காட்டுவதாகத் தலைப்பிலேயே உறுதி தரும் நூல் அது. எவ்வளவு தூரம் காட்டியது, எங்கே நின்றுவிட்டது என்பதே நம் கேள்வி.

முறையியலில் நூல் வலுவானது. வாடகைப் புளோக்குகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று குடியிருப்பாளர்களோடு உட்கார்ந்து பேசிச் சேர்த்த களஆய்வு இது. அதைவிட முக்கியம், ஆய்வாளர் தன் வீட்டையும் களத்துக்குள் கொண்டுவந்திருப்பது. வேலையையும் குடும்பத்தையும் சமன்செய்வது பற்றிய கட்டுரையில் ஒரு பேராசிரியரின் நேரமும் குறைந்த கூலித் தாயின் நேரமும் அருகருகே வைக்கப்படுகின்றன. முன்னவர் பிள்ளைக்காக நேரத்தை நகர்த்திக்கொள்ளலாம்; பின்னவர் நகர்த்தினால் வேலையே போகும். இருவருக்கும் பாசம் ஒன்றுதான், வசதி வேறு. இந்த ஒப்பீட்டினால் ஏழைகளை மட்டும் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் பழைய பிழையிலிருந்து நூல் தப்புகிறது. ‘ஏற்றத்தாழ்வு’ என்ற சொல்லுக்கு உரிய பொருளும் இங்கேதான் கிடைக்கிறது: அது இரு தரப்புக்கு இடையிலான உறவு.

தேவை, விருப்பம், கண்ணியம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளும் கட்டுரை தொகுப்பின் மையம். தேவை எது என்பதை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, சமூகமும் தீர்மானிக்கிறது என்ற வாதம் அதில் தெளிவாக நிற்கிறது. கண்ணியத்தைத் தூய காற்றோடு ஒப்பிடும் இன்னொரு கட்டுரையும் இதற்குத் துணை சேர்க்கிறது. இருப்பவர்கள் உணராத ஒன்றை இல்லாதவர்கள் மூச்சுக்கு மூச்சு உணர்கிறார்கள் என்ற உவமை அலங்காரமாக வரவில்லை, வாதத்தைத் தாங்குகிறது.

ஆனால் நான் காணும் முதன்மையான குறையும் இந்த இடத்தில்தான். தொலைக்காட்சிக் குற்றச்சாட்டு ஒரு கணக்குக் குற்றச்சாட்டு. அதற்குக் கணக்கால் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாற்றிலேயே கிடக்கிறது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1964இல் சொந்த வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1968 முதல் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியைக் கொண்டு வீவக வீடு வாங்க முடிந்தது. இன்று குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். அக்குடும்பங்களில் சுமார் 90 விழுக்காடு சொந்த வீட்டில் இருக்கின்றன. அப்படியானால் இந்நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் செல்வம் எங்கே இருக்கிறது? அது 99 ஆண்டுக் குத்தகை வீட்டிலும் சேமநிதிக் கணக்கிலும் இருக்கிறது. இரண்டுமே விருந்தாளியின் கண்ணில் படாதவை. பழைய சோபாவும் சின்ன டிவியும் உள்ள நான்கறை வீட்டுக்காரர் சில லட்சம் வெள்ளிச் சொத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார், பார்ப்பவருக்கோ அவர் சிக்கனக்காரர். நூல் வெளிவந்த காலத்தில் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடும்ப மாத வருமான வரம்பு 1,500 வெள்ளி. அந்த வரம்புக்குள் வாழ்பவர் தவணையில் வாங்கிய, சில நூறு வெள்ளி பெறுகிற டிவிதான் அவரிடம் கண்ணுக்குத் தெரியும் ஒரே உடைமை; பார்ப்பவருக்கோ அவர் ஊதாரி. அந்த டிவியை வாங்காமல் விட்டிருந்தாலும் வீட்டுக்கு முன்பணம் சேர்ந்திருக்காது. ஓரறை வீடு சுமார் 33 சதுர மீட்டர். குடும்பம் முழுவதும் அதற்குள் மாலையைக் கழிக்க வேண்டும். வெளியே போனால் செலவு; டிவிதான் மலிவான பொழுதுபோக்கு.

இப்படிச் சொத்தையும் பொருளையும் பிரித்துக் காட்டும் ஒரு கட்டுரை தொகுப்பில் இருந்திருந்தால் சந்தேகக்காரரின் வாய் அடைபட்டிருக்கும். தியோவோ அந்த விருந்தாளியின் பார்வைக்கு எதிராக இன்னொரு பார்வையை மட்டும் வைக்கிறார். பரிவுள்ள வாசகர் அதை ஏற்பார். பரிவில்லாதவர் இது உங்கள் பார்வை என்று புத்தகத்தை மூடிவிட முடியும்.

நடை எளியது, துறைச்சொற்களின் முள்வேலி இல்லை. தனித்தனிக் கட்டுரைகளாக வளர்ந்ததால் கூறியது கூறல் உண்டு. பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள எளிதல்லாதது இனம் பற்றிய முடிவு. தாம் சந்தித்தவர்களின் இன அடையாளத்தை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவிட்டு, இனத்துக்குத் தனிக் கட்டுரை ஒன்றை ஒதுக்குகிறார். அடையாளத்தைச் சொன்னால் வறுமைக்கு அந்த இனத்தின் பண்பாட்டையே காரணமாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. 1989 முதல் புளோக்குக்குப் புளோக் இன விகிதம் வகுத்திருக்கும் நாட்டில், ஒரு தமிழ்த் தாயும் ஒரு மலாய்த் தாயும் ஒரு சீனத் தாயும் ஒரே வறுமையை ஒரே விதமாகச் சுமக்கிறார்களா என்று கேட்காமல் தோற்றம் பற்றிய ஆய்வு முழுமை பெறாது. ‘இவர்கள் இப்படித்தான் செலவழிப்பார்கள்’ என்னும் தீர்ப்பு பெரும்பாலும் இனத்தின் பெயரால்தான் வழங்கப்படுகிறது. நோய்க்குப் பெயர் வைக்காமல் விட்டதால் அது குணமாவதில்லை.

நூல் விட்ட கணக்கை ஓரளவு அதன் ஆசிரியரே பின்னர் நிரப்பினார். இங் கொக் ஹோ உள்ளிட்ட ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட அடிப்படை வாழ்க்கைத்தர ஆய்வு, வாழ என்ன தேவை என்று சாதாரண மக்களையே கூட்டி விவாதிக்க வைத்தது. உணவு, உறைவிடம், உடை ஆகியவற்றோடு மற்றவரோடு சேர்ந்து வாழ்வதற்கான செலவையும் அவர்கள் தேவையாகவே எண்ணினார்கள். தனித்து வாழும், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்பது அவர்கள் சேர்ந்து கண்ட தொகை. 2018இல் வாதமாக இருந்தது இங்கே சான்றாகிவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: களஆய்வாகவும் மனச்சாட்சியின் ஆவணமாகவும் இந்நூல் முதல் தரம், நிறுவல் என்ற அளவில் அரைப்பணி. 2018ஆம் ஆண்டு நூலைத் தனியே படிக்காதீர்கள், 2019ஆம் ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.