கரணமும் கரியும்

மணவினை நிகழ்த்தாமலும் பதிவு செய்யாமலும் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் ஒரே மனையில் கூடி வாழ்தல் தகுமோ, தகாதோ என்னும் வினா இன்று கல்லூரி மாணவர்தம் பட்டிமன்றங்களிலும் இடம்பெற்றுவிட்டது. கண்டியில் நிகழ்ந்த அத்தகைய மன்றம் ஒன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரு சாரார், இது மேனாட்டிலிருந்து வந்திறங்கிய ஒழுக்கக்கேடு, இம்மண் என்றும் அறியாதது என்றனர். மறு சாரார், சங்கச் சான்றோர் போற்றிய களவொழுக்கமே இது, இதிற் புதுமை யாதுமில்லை என்றனர். அன்று நேரமின்மையாற் சொல்லாது விட்டதை ஈண்டு எழுதுகின்றேன். இரு கூற்றும் ஆராயாது கூறியனவே என்பது என் துணிபு.

முதற் கூற்றை முதற்கண் நோக்குவாம். இம்மண் அறியாதது என்று சொன்ன மாணவர் நின்று பேசிய மண் கண்டி மண் என்பதை மறந்தனர். கண்டி இராச்சியத்திற் பல்லாண்டு சிறைப்பட்டுக் கிடந்து, 1681இல் தம் நூலை வெளியிட்ட இராபர்ட் நொக்ஸ், இந்நாட்டு மக்கள் எளிதிற் கூடுவதையும் எளிதிற் பிரிவதையும் வியப்போடு குறித்துள்ளார். மனைவி கணவன் இல்லம் புகும் 'தீக' மணமும், கணவன் மனைவி இல்லம் புகும் 'பின்ன' மணமும் கண்டிச் சிங்களவரிடையே வழங்கின. உடன்பிறந்தார் இருவர் ஒருத்தியோடு இல்லறம் நடத்தும் வழக்கமும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் பதிவேடு இல்லை; ஊரும் உறவும் அறிந்திருத்தலே சான்று.

1815இல் எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கை, மக்களின் வழக்கங்களைக் காப்பதாக உறுதி கூறிற்று. ஆயின் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பதிவு செய்யப்படாத கண்டி மணம் செல்லாது என விதித்தது. பலர்க்கு ஒருத்தி மனைவியாதலையும் தடுத்தது. மக்களோ பழைய வழியிலேயே கூடி வாழ்ந்தனர். விளைவு யாது? முன்னாள் ஊரார் கண்ணில் மனைவியாய் இருந்திருக்கக் கூடியவள், பின்னாள் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள் ஆயினள். அவள் வயிற்றுப் பிள்ளை முறையற்ற பிள்ளை எனப்பட்டது. அவர்தம் வாழ்க்கை மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. 1870இல் அச்சட்டத்தைத் திருத்தி, இருவரும் இசைந்து பிரியும் பழைய உரிமையை மீட்டளிக்க வேண்டியதாயிற்று. எனினும் பதிவு வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டமும் அதனையே வலியுறுத்துகின்றது. ஆகவே 'மணமின்றிக் கூடி வாழ்தல்' என்பது மேனாட்டார் இங்கே கொணர்ந்த ஒழுக்கம் என்பதினும், அவர் சட்டம் இங்கிருந்த ஒழுக்கம் ஒன்றுக்கு இட்ட பெயர் என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இனி இரண்டாவது கூற்று. களவொழுக்கத்தைத் துணைக்கு அழைப்போர் அதன் ஒரு பாதியை மட்டுமே படித்தவராவர். குறுந்தொகையின் 25ஆம் பாட்டிற் கபிலர் காட்டும் தலைவியை நினைவு கூர்க. தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே வேறொருவரும் இலர். ஆற்று மீனை நோக்கி நின்ற நாரை ஒன்றே இருந்தது. அவன் பொய்த்தால் யான் என் செய்வேன் என்று அவள் கலங்குகின்றாள். களவின் இன்பத்தைப் பாடிய புலவரே அதன் அச்சத்தையும் பாடியுள்ளார். அவ்வச்சத்தின் பெயர் சான்றின்மை.

அவ்வச்சம் வீணன்று என்பதற்கு அகநானூற்றின் 256ஆம் பாட்டுச் சான்றாகும். கள்ளூரில் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று அவையோர் முன் பொய்ச்சூள் உரைத்தான். அவை உண்மை தேர்ந்து அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டியது. அங்கே தண்டிக்கப்பட்டது காதல் அன்று, மறுப்பே தண்டிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நம் பட்டிமன்றத்தில் இரு சாராரும் கண்டிலர்.

தொல்காப்பியர் கற்பியலிற் கரணம் தோன்றிய காரணத்தைக் கூறுமிடத்தும் இதுவே பொருள். உலகிற் பொய்யும் வழுவும் தலைப்பட்ட பின்னரே மூத்தோர் கரணத்தை வகுத்தனர் என்பது அவர் கருத்து. பொய்யாவது செய்ததனை மறைத்தல் என்றும், வழுவாவது ஏற்றதன்கண் இறுதிவரை நில்லாமை என்றும் இளம்பூரணர் விளக்குவர். மேலும், காதலர் உடன்போகிய காலத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்கின்றது அவ்வியல். பெற்றோர் இசைவைத் தவிர்க்க இடம் தந்த ஆசிரியர், கரணத்தைத் தவிர்க்க இடம் தந்திலர். இஃது ஊன்றி நோக்கத் தக்கது.

அக்கரணத்தின் வடிவம் யாது? அகநானூற்றின் 86, 136ஆம் பாட்டுகள் திருமணத்தை விரித்துரைக்கின்றன. அவற்றிலே தீவலமும் இல்லை, வேதியரும் இலர். மணற்பந்தரும், நன்னாளும், சுற்றமும், வாழ்த்தும் உள. வடிவம் காலந்தோறும் மாறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தமிழ்நாட்டிற் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தமையும், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967இல் இயற்றிய சட்டம் அவற்றைச் செல்லுபடியாக்கியமையும் இங்கு நினையத் தகும். மாறாதது கரி ஒன்றே. அஃதாவது, பின்னாளில் மறுக்க இயலாதவாறு பிறர் அறிந்திருத்தல்.

நீதிமன்றங்களும் இவ்வழியே சென்றுள்ளன. பிரிவி கவுன்சில் எனப்பட்ட கோமறைக் கழகம், இலங்கையிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 1881இல் ஒரு நெறியை உரைத்தது. இருவர் கணவன் மனைவியராய் வாழ்ந்தமை மெய்ப்பிக்கப்பட்டால், மாறான சான்று தெளிவாக வெளிப்படும்வரை அவர் முறைப்படி மணந்தோரே எனக் கொள்ளவேண்டும் என்பதே அந்நெறி. பதிவையே உயிராகக் கொண்ட கண்டியர் சட்டத்தில் இந்நெறிக்கு இடமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், மணத்தை ஒத்த உறவுக்கு இருவரும் உலகறிய இணையராய் ஒழுகியிருத்தல் வேண்டும் என்றது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடைச் சட்டம், மணமின்றி உடன்வாழ்பவர்க்கும் காப்பளிக்கின்றது. 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் மணவுறவுக்கு அப்பாற் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடம் பராமரிப்புப் பெறும் உரிமையைத் தருகின்றது. பிள்ளையின் தாய்க்கோ, அவள் மனைவியல்லள் எனின், அவ்வுரிமை இல்லை.

ஆசிரியத் தொழிலில் யான் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருந்தும். நெடுங்காலம் வழங்கிய நம் பிறப்புச் சான்றிதழிற் பெற்றார் விவாகம் செய்தவரோ என்று வினவும் கூடு ஒன்று உண்டு. தோட்டத்துக் கோயிலில் ஊரார் முன் தாலி கட்டி, பதிவுக்குச் செல்லாத ஒரு தாய், தன் மகனைப் பாடசாலையிற் சேர்க்க வந்தபோது அக்கூட்டில் 'இல்லை' என்றிருந்ததைத் தன் கையால் மறைத்துக்கொண்டு பத்திரத்தை நீட்டினாள். அவளுக்குக் கரணம் இருந்தது. கரி கூற ஊரே இருந்தது. தாளிலோ ஒன்றுமில்லை. கணவனுக்கு எத்தாளும் எந்நாணமும் தரவில்லை.

ஆயின் கரி வேண்டும் என்பதைக் காவல் வேண்டும் எனப் பிறழ உணர்தல் ஆகாது. இந்தியாவின் உத்தரகாண்டம் 2024இல் இயற்றிய சட்டம், கூடி வாழ்வோர் ஒரு திங்களுக்குள் பதியாவிடிற் சிறைத்தண்டனையும் உண்டு என விதித்தது. கள்ளூர் அவை பொய்த்தவனைத் தண்டித்தது. இச்சட்டமோ பொய்யாதவரையும் அச்சுறுத்துகின்றது. சான்று நலிந்தோர்க்குத் துணையாதல் வேண்டும். வலியோர் கைக்கோலாதல் கூடாது.

ஆகவே மாணவர்க்கு யான் கூறுவது இது. கூடி வாழும் இருவரை நோக்கி, தாலி உண்டோ, தாள் உண்டோ என வினவுமுன் பிறிதொன்றை வினவுக: நாளை ஒருவர் 'அறியேன்' என்றால் மற்றவர்க்கும் பிள்ளைக்கும் புகல் யாது? இவ்வினாவுக்கு விடையில்லாத வாழ்க்கை, ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் தொடங்கினும் குறையுடையதே. விடையுள்ள வாழ்க்கையைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாரை ஒன்றே சாட்சியாக நின்ற அத்தலைவியின் கலக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்க்கும் வழியைத் தேடுவதே இரு கட்சியார்க்கும் உரிய கடனாகும்.