ஓதிய நாவும் நோக்கிய கண்ணும்

பறவையியல் அறிஞர் சலீம் அலி (1896–1987) தம் முதுமையில் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூலைப் பறவை ஆர்வலர் பலர் போற்றியுள்ளனர். நாம் அதனைக் கல்வி நூலாகக் கொண்டு மதிப்பிட விழைகின்றோம். பறவைகளை நோக்கவும் காக்கவும் இளையோர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அதில் விடையும் உண்டு. நம்மை நாணச் செய்யும் செய்தியும் உண்டு.

சிறுவன் சலீம் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் தென்பட்டது. முஸ்லிம் உண்ணத் தகும் பறவைதானா என்னும் ஐயம் எழுந்தது. தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அவரோ கடிதம் கொடுத்துச் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லர்ட் பறவையின் பெயரைக் கூறியதோடு அமையாமல், பாடம் செய்யப்பட்ட பறவைகளையெல்லாம் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஹலாலா ஹராமா என்ற ஒரு வினா ஒரு பேரறிவின் வாயிலாயிற்று. அறிந்தோரிடம் கேளுங்கள் என்னும் மறைநெறியை அம்மாமன் செயலிலே காட்டினார். நம் இல்லங்களில் இத்தகைய வினாக்கள் பெரும்பாலும் விடையோடு மூடப்பட்டுவிடுகின்றன.

நூலில் நம் நெஞ்சைச் சுடும் பகுதி வேறொன்று. இளமையில் தமக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கப்பட்டதென்றும், அரபி மொழியின் பொருள் விளங்காமலே ஓதியதாகவும், மூத்தோர் சிலரின் போலிப் பக்தி தம்மை விலகச் செய்ததென்றும் ஆசிரியர் ஒளிக்காமல் எழுதுகிறார். இதனைப் படித்துச் சினந்து நூலை மூடிவிடுவோர் இருப்பர். நாம் அவ்வாறு செய்யோம். குற்றச்சாட்டு எம் போன்ற ஓதிக் கொடுப்போர் மீதே விழுகின்றது. இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் ஆறாம் அத்தியாயம் அறிவிக்கின்றது. அச்சிறுவனின் நாவு அவ்வசனத்தையும் ஓதியிருக்கக் கூடும். அதன் பொருளை எவரும் சொல்லாதபோது, பறவைகளை அவர் மத்ரஸாவுக்கு வெளியே தேடிக் கண்டதில் வியப்பென்ன?

நூலின் குறையையும் கூறுதல் வேண்டும். சிட்டுக்குருவிக் கூடொன்றின் அருகே காவலிருந்த ஆண் குருவிகளை ஏழு நாள்களில் எட்டு என்ற கணக்கில் சுட்டதை ஆசிரியர் எடுத்துரைக்கின்றார். ஓர் ஆண் வீழ்ந்ததும் பெண் குருவி மற்றோர் ஆணைத் துணையாக்கிக் கொண்டது என்னும் உண்மை அதனால் கிடைத்தது. கூர்மையான நோக்குத்தான், ஆயினும் வேட்டையின் உவகை அவ்வெழுத்தை விட்டு முற்றும் நீங்கவில்லை. குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப் பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளை அதனிடம் திருப்பித் தரச் செய்த செய்தி அபூதாவூதில் உள்ளது. நம் பிள்ளைகள் அங்கிருந்தே தொடங்கட்டும். சலீம் அலியே 1930ஆம் ஆண்டில், பம்பாய்க்கு அண்மையில் உள்ள கிஹிம் கடற்கரைச் சிற்றூரில், தூக்கணாங்குருவிகளின் இல்லறத்தைப் பொறுமையொன்றையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்தார். ஆண் குருவி கூடு முடைவதையும், பெண் அதனை ஏற்றபின் அவ்வாணே வேறு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் கண்டறிந்தார். இளையோர்க்கு நாம் பரிந்துரைப்பது இந்தப் பகுதியையே.

இப்பொறுமை இன்று பல்லாயிரவர் கைக்கு வந்துள்ளது. 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் பதிவேட்டில் எவரும் தாம் கண்ட பறவைகளைக் குறிக்கலாம். ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டே இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கினைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளன என்பது அதன் துயரச் செய்தி.

இம்முறை ஹதீஸ் கலை பயின்றோர்க்குப் புதிதன்று. கண்டவர் யார், எவ்விடம், எந்நேரம், எவ்வளவு பொழுது என்பன எழுதப்படுகின்றன. ஐயத்துக்குரிய பதிவை அறிந்தோர் வினவிச் சரிபார்க்கின்றனர். அரிய பறவையைக் கண்டதாகப் பெருமைக்கு எழுதுவது பொய்ச் சாட்சி. காக்கைதானே என்று விட்டுவிடுவது குறைச் சாட்சி. சபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுதின் சொல்லையும் சுலைமான் நபி (அலை) ஆராயாது ஏற்கவில்லை அன்றோ?

தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. பிப்ரவரியில் நடைபெறும் உலகக் கணக்கெடுப்புக்கு ஒரே இடத்தில் 15 நிமிடம் நோக்கினாலும் போதும். நம் மக்தபுகளில் ஸுப்ஹுக்குப் பின் ஓத வரும் சிறாரை, பாடம் முடிந்ததும் ஒரு கால்மணி நேரம் முற்றத்து மரத்தடியில் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? நாகூரை அடுத்த கடற்கரையூர்ப் பிள்ளைகளை, வலசைப் பறவைகள் வந்து தங்கும் கோடியக்கரைக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லலாம். ஆறாம் அத்தியாயத்தின் அவ்வசனத்தைப் பொருளோடு சொல்லி, பின்னர் வானத்தைக் காட்டுவோம்.

மற்றுமொரு சலீம், நாம் வாயடைத்தமையால் நம்மை விட்டு அகலாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக!