யிமிரின் உடலில் வருணம் இல்லை

'தோர்' படங்கள், 'காட் ஆஃப் வார்' கேம் தயவில் நார்ஸ் புராணம் இப்போது அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. கூடவே இணையத்தில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை சுற்றுகிறது. இடது பக்கம் யிமிர், வலது பக்கம் ரிக்வேதப் புருஷன். அங்கே மண்டை ஓடு வானமானது, இங்கே தலை வானமானது. அங்கே சதை பூமி, இங்கே பாதம் பூமி. "பார்த்தீங்களா, எல்லாம் ஒரே கதைதான்" என்று முடியும். அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் சரி. அதில் விடுபட்ட ஒரு வரிசைதான் என் பிரச்சினை.

முதலில் யிமிர் கதை. நெருப்பு உலகுக்கும் பனி உலகுக்கும் நடுவே ஒரு வெற்றுப் பள்ளம். உறைபனி உருகிச் சொட்டியதில் யிமிர் என்ற ராட்சசன் உருவாகிறான். ஔதும்லா என்ற பசுவின் பால் அவனுக்கு உணவு. அந்தப் பசு உப்புக்கரித்த பனிப்பாறையை மூன்று நாள் நக்கியதில் பூரி வெளிப்படுகிறான். பூரியின் பேரன்கள் ஓடின், வீலி, வே மூவரும் யிமிரைக் கொன்று உலகம் செய்கிறார்கள். சதை நிலம், ரத்தம் கடல், எலும்பு மலை, முடி மரம், மூளை மேகம். இதைக் கோவையாக எழுதிவைத்தவர் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லூசன், சுமார் 1220இல். அந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டு கதைக்கும் உறவு உண்டா? யிமிர் என்ற பெயரும் சமஸ்கிருத 'யம'வும் 'இரட்டை' என்று பொருள்படும் ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. தமிழ்ச் செய்யுளில் ஒரே சொற்றொடர் திரும்ப வந்து வேறு பொருள் தருவதை யமகம் என்கிறோமே, அதிலும் அந்த 'இரட்டை'தான் இருக்கிறது. புரூஸ் லிங்கன் 1975இல் எழுதிய கட்டுரை இந்த ஒற்றுமைகளை வைத்து ஓர் ஆதி இந்தோ-ஐரோப்பியக் கதையையே மீட்டுக் கட்டப் பார்த்தது.

ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? பழைய நார்ஸ் மொழியில் 'அம்மா' என்றால் பாட்டி. அதற்காக வைக்கிங்குகள் தமிழர் என்று சொல்லிவிட முடியாது. உடல் உலகமாவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. சீனத்தின் பான்கு கதையிலும் உடல்தான் உலகமாகிறது. அங்கே யாரும் அவனைக் கொல்வதில்லை, தானே இறக்கிறான்.

இப்போது விடுபட்ட வரிசை. புருஷ சூக்தம் (ரிக்வேதம் 10.90) பதினாறு செய்யுள் கொண்டது. 12ஆம் செய்யுளில் வாய் பிராமணர், கைகள் அரசர், தொடைகள் வைசியர், பாதங்களிலிருந்து சூத்திரர். அடுத்த இரண்டு செய்யுளில் கண்ணிலிருந்து சூரியன், மனதிலிருந்து சந்திரன், வாயிலிருந்து இந்திரனும் அக்னியும், தலையிலிருந்து வானம், பாதங்களிலிருந்து பூமி. கவனியுங்கள், அதே வாய், அதே பாதம். சமூகத்தின் மேல்-கீழும் வானம்-பூமியின் மேல்-கீழும் ஒரே உடலில், ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. சூரியன் உதிப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த இயல்பு வருணத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது.

யிமிரின் உடலில் இது இல்லை. அதிலிருந்து மனித வகுப்புகள் எதுவும் வருவதில்லை. மனிதர்கள் கடற்கரையில் கிடைத்த இரண்டு மரங்களிலிருந்து தனியாகச் செய்யப்படுகிறார்கள். நார்ஸ் சமூகம் சமத்துவமானது என்று சொல்ல வரவில்லை. 'ரீக்ஸ்துலா' என்ற பாடலில் ரீக் என்ற தெய்வம் மூன்று வீடுகளில் தங்க, அடிமை, குடியானவன், பிரபு என்று மூன்று வகையினரின் முன்னோர் பிறக்கிறார்கள். அடிமையின் தோற்றம் கேவலமாகவே வர்ணிக்கப்படுகிறது. ஆனால் அது வேறு கதை, வேறு பாடல். அதை எடுத்துவிட்டாலும் வானம் இடத்தில்தான் இருக்கும்.

அம்பேத்கர் 'சூத்திரர்கள் யார்?' (1946) நூலின் தொடக்கத்திலேயே இந்த ஒப்பீட்டைச் செய்கிறார். எகிப்து போன்ற பிற படைப்புக் கதைகளைப் பக்கத்தில் வைத்து, புருஷ சூக்தத்தின் தனித்தன்மையைக் காட்டுகிறார். வகுப்புகள் எந்தச் சமூகத்திலும் உண்டு. நடப்பில் இருப்பதை லட்சியமாகவும் தெய்வக் கட்டளையாகவும் உயர்த்தியது இதுதான் என்பது அவர் வாதம். ஒற்றுமையைத் தேடி அல்ல, வேறுபாட்டைத் தேடி ஒப்பிட்டார். எனக்குத் தெரிந்து, ஒப்பீட்டால் உருப்படியான பயன் கிடைப்பது அப்படித்தான்.

நம் பக்கம் பரிபாடல் இருக்கிறது. கீரந்தையாரின் இரண்டாம் பாடலில் ஒலியுடன் வானம், பிறகு காற்று, தீ, மழை, வெள்ளம், கடைசியில் நிலம். கொலை இல்லை, வெட்டப்பட்ட உடலும் இல்லை. உடனே "தமிழன் அன்றே பெருவெடிப்பைச் சொன்னான்" என்று கிளம்ப வேண்டாம். வானம், காற்று, தீ, நீர், நிலம் என்ற இதே வரிசை தைத்திரீய உபநிடதத்திலும் உண்டு. சங்க காலத்தில் பாகுபாடே இல்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, புறநானூறு 183 நாற்பால் பற்றிப் பேசுகிறது. நான் சொல்வது சின்ன விஷயம்: வருணத்தைச் சேர்க்காமலே இங்கேயும் உலகம் தோன்றியதைச் சொல்ல முடிந்திருக்கிறது.

அடுத்த முறை அந்த அட்டவணை உங்கள் கைப்பேசிக்கு வந்தால் கீழே ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள்: 'யார் காலிலிருந்து யார் பிறந்தார்?' வலது பக்கக் கட்டத்தில் பதில் இருக்கும். யிமிரின் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? அவன் ஒரு கால் இன்னொரு காலோடு சேர்ந்து ஒரு மகனைப் பெற்றது என்கிறார் ஸ்னோரி. அவன் வழி வந்தவர்கள் ராட்சசர்கள். மனிதர்கள் யாரும் அந்தக் காலிலிருந்து பிறக்கவில்லை.